ஏட்டுச் சுரைக்காயும் ஆழ்கடல் சுரங்கமும்

ஆழ்கடலில் சுரங்கம் தேவையா என்று கேட்டால், படித்தவர்கள் பலரிடமிருந்தும் வரும் பதில் ஒன்றுண்டு: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, கண்காணிப்புத் திட்டம், மூடல் திட்டம் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டுதானே அனுமதி தரப்போகிறார்கள், பிறகென்ன பயம்? பயமே இந்த நிம்மதியைப் பார்த்துத்தான். தெரிந்ததை வைத்து வரப்போவதைக் கணிப்பதுதான் திட்டம். தெரிந்தது கைப்பிடியளவு என்றால், ஆயிரம் பக்கம் எழுதினாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே கிளாரியன்-கிளிப்பர்ட்டன் என்றொரு கடற்பகுதி. 4,000 மீட்டருக்கும் கீழே, நிக்கல், கோபால்ட், செம்பு கலந்த உலோக முடிச்சுகள் உருளைக்கிழங்கு அளவில் அங்கே இறைந்து கிடக்கின்றன. ஒரு முடிச்சு பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளரும். அங்கு வாழும் உயிரினங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு அறிவியல் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்கிறது 2023இல் வெளியான ஓர் ஆய்வு. பெரு நாட்டுக்கு அப்பால், இதேபோன்ற கடலடியை ஜெர்மன் ஆய்வாளர்கள் 1989இல் உழுது பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்து, 2015இல் திரும்பப் போனபோதும் அந்தத் தடங்கள் அழியவில்லை. அந்தப் பகுதியில் ஒருவகை ஆக்டோபஸ், முடிச்சின்மேல் வளர்ந்து செத்த கடற்பஞ்சின் காம்பில் முட்டையிட்டு, அதைச் சுற்றிப் பிடித்தபடி அடைகாக்கிறது. முடிச்சை அள்ளிவிட்டால் பஞ்சு ஊன்ற இடமில்லை. பஞ்சு இல்லையென்றால் முட்டைக்குக் காம்பில்லை. இதை எந்த மூடல் திட்டத்தால் திரும்பக் கொடுக்க முடியும்?

சிறிய அளவில் தொடங்கி, பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். திருத்துவதற்கு, தோண்டுமுன் இருந்த நிலை தெரிந்திருக்க வேண்டும். எந்த அளவு மீறினால் நிறுத்துவது என்ற வரம்பும் வேண்டும். முந்தைய நிலையை அளப்பதோ, பெரும்பாலும் தோண்டப்போகும் நிறுவனமேதான். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு ஆழ்கடல் சுரங்கச் சட்டத்தின்படி தேடல் உரிமம் வேறு, வணிக அகழ்வு அனுமதி வேறு. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம் என்று 2026 ஜனவரியில் விதியை மாற்றிவிட்டார்கள். தரவு ஏற்கெனவே திரண்டிருக்கிறது என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். நிலத்தைப் பார்க்கப் போகும்போதே பத்திரத்தையும் எழுதிக்கொண்டு போகிற கதை இது.

நிலச் சுரங்கம் காடுகளை அழிக்கிறதே என்ற மறுப்பில் உண்மை உண்டு. இந்தோனேசியாவின் நிக்கல் சுரங்கங்களே சாட்சி. ஆனால் கடலில் தோண்டினால் அவை மூடப்படும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்? மின்கார் பேட்டரிக்கு இந்த உலோகங்கள் வேண்டுமே என்றால், நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் கார்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவும் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் முடிச்சுகளைத் தேடும் உரிமை பெற்றிருப்பதால், இது நமக்கும் உரிய கேள்வி. நிறுவனம் சாராதவர்கள் எடுத்த அளவீடு, மீறினால் வேலையை நிறுத்தும் வரம்பு, கடைசியில் 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம்: இம்மூன்றும் இருக்கும்போதுதான் திட்டம் ஒரு நிபந்தனை. இல்லாவிட்டால் அது விண்ணப்பத்தோடு இணைக்கும் இன்னொரு தாள்.