தூங்கச் சொல்லும் வாத்தியம்

ஆயா ஆன பிறகு ஒரு புது வாத்தியம் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள், சகோதரிகளே. அதிலும் கம்பி கிடையாது, குடம் கிடையாது. டைப் அடிக்கிற வாத்தியம்!

மகள் தலைப்பிரசவத்துக்குக் காரைக்குடி வந்திருந்தாள். சிசேரியன். வளவில் தூளி, பக்கத்து அறையில் அவளுடைய வீணை. தையல் வலியில் சம்மணம் போட முடியாது. கம்பியைத் தொட்டாலோ பிள்ளை விழித்துக்கொள்ளும். நாற்பதாம் நாள் ராத்திரி, "இனிமே எனக்கு வீணை இல்லை ஆத்தா, உறை போட்டு மூடிடுங்க" என்று அழுதாள். எனக்குச் சுரீர் என்றது. கல்யாணமான புதிதில் நானும் ஒரு வீணைக்கு உறை போட்டவள்தான். முப்பது வருஷம் அதைப் பிரிக்கவே இல்லை.

வீணை என்றாலே காரைக்குடி சகோதரர்கள் பேரைச் சொல்லுகிற ஊர் இது. அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். தம்பி சாம்பசிவ ஐயருக்கு 1952-ல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் இன்னொரு வீணையும் மூடப்படுவதா?

என் மகன்தான் வழி கண்டான். தன் லேப்டாப்பில் 'சோனிக் பை' என்று ஒன்றைப் போட்டு அக்காவிடம் கொடுத்தான். பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாஷையைப் பாட்டாகவே கற்கட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2012-ல் ஸாம் ஆரன் என்பவர் தொடங்கியது. விலை ஏதும் இல்லை.

செய்முறை கோலம் மாதிரிதான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு எண். ச 60 என்று வைத்தால் மாயாமாளவகௌளையில் ரி 61, க 64, ம 65, ப 67, த 68, நி 71, மேல் ச 72. 'பிளே 60' என்று அடித்தால் ச ஒலிக்கும். அடுத்த ஸ்வரத்துக்குமுன் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை 'ஸ்லீப்' என்று எழுதிச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் 'லைவ் லூப்' என்கிற சுற்றுக்குள் வைத்துவிட்டால், நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றலாம். அடுத்த சுற்றிலிருந்து பாட்டு மாறிவிடும். சரளி வரிசை பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது!

கோலத்தைச் சும்மா சொல்லவில்லை. கிஃப்ட் ஸிரோமணி, ராணி ஸிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-லேயே புள்ளிக் கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். 1980-களில் பெர்னார்ட் பெல், ஜேம்ஸ் கிப்பன் என்ற இருவர் லக்னோ தபலாச் சொற்கட்டுகளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மேடையில் டைப் அடித்தே கச்சேரி செய்கிறவர்கள் பலர் இன்று வைத்திருக்கும் 'டைடல்' என்ற கருவி, தாளம் எழுதும் முறையில் அந்த லக்னோ வேலைக்குக் கடன்பட்டது.

ஆனால் கமகம்? அதுதான் எங்கள் வீட்டுச் சண்டை. "எல்லாம் மொட்டை மொட்டையா இருக்கே, அம்மாடி" என்றேன். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகவும் இதில் கட்டளை உண்டு. எவ்வளவு தூரம், எத்தனை நேரம் என்று நாம்தான் எண்ணில் சொல்ல வேண்டும். கம்பியை இழுக்கிற விரல் யோசிக்காமல் செய்வதை, உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் என்பவர் கமகத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவருவது பற்றியே ஆராய்ந்து, 2013-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றிருக்கிறார் என்றால் வேலையின் பாரம் புரியும்.

ஒரு சாயங்காலம் பங்காளி வீட்டார் வந்திருந்தபோது மகள் வளவில் கச்சேரியே வைத்துவிட்டாள். லேப்டாப்பை டி.வி.யில் இணைத்தான் மகன். எழுதுவதைச் சபைக்குக் காட்டியே வாசிப்பதுதான் இந்த வித்தையில் மரபாம். ச, ப ஒரு சுற்று, அதன்மேல் வரிசை, அதன்மேல் தாளம். "என்னத்தா, கணக்கு எழுதுறியா?" என்றார் பெரிய ஆச்சி ஒருவர். இன்னொரு சுற்றைச் சேர்த்தாள். சத்தமே இல்லை! திரையில் சிவப்பு எழுத்து. 'இந்தச் சுற்று தூங்கவில்லை' என்று இங்கிலீஷில் புகார்! அவசரத்தில் 'ஸ்லீப்' எழுத மறந்திருக்கிறாள். சுற்றுக்குள் கொஞ்சமாவது ஓய்வு இல்லாவிட்டால் அந்தச் சுற்றையே நிறுத்திவிடுமாம். பெரிய ஆச்சி சிரித்துவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்கும் அதே விதிதான்" என்றார்.

அன்று முதல் ராத்திரி ஒரு முறை பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது என் பொறுப்பு, இன்னொரு முறை மாப்பிள்ளை பொறுப்பு. அவள் தூங்கி எழுந்தாள். மூன்று மாதம் கழித்து டாக்டர் சம்மதித்ததும் வீணையின் உறையைப் பிரித்தாள். லேப்டாப் ச, ப சுற்றைப் போட, அதன்மேல் விரல் ஓடியது. மொட்டை ஸ்வரத்தோடு மல்லுக்கட்டியதில் கமகத்தின் அருமை கூடித் தெரிகிறது என்றாள்.

இளம் தாய்மாரே, செய்து பார்ப்பதானால் சில குறிப்புகள்:

பிள்ளையின் காதில் ஹெட்போன் வைக்காதீர்கள். நீங்களும் சத்தத்தைத் தாழ்வாக வைத்து, பிள்ளை அழுதால் கேட்கும்படி ஒரு காதைத் திறந்தே வையுங்கள்.

முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருங்கள். பிள்ளை தூங்கும் நேரம் முழுவதையும் இதில் செலவழிக்காதீர்கள். பாதித் தூக்கம் உங்களுக்கு.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் சோர்வும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் நாற்பது நாள் பொறுத்தது தப்பு. பாட்டு துணை வரும், மருந்தாகாது.

நானா? என் வீணைக்குப் புதுக் கம்பி சொல்லியிருக்கிறேன்!