திருமேனிக் காவலுக்குக் காவல்

சிதம்பரத்தினின்று சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் நெறியிலுள்ளது கீரப்பாளையம். இத்தகைய ஊர்களின் அயலில் ஒருகாலப் பூசையோடு நிற்கும் சிறு கோயில்கள் பல. ஆண்டுக் காவலாவது ஒரு பூட்டு. சான்றாவது ஒரு குருக்களின் நினைவு. திருமேனி களவுபோயின், முறையீடு முதற்கண் உள்ளூர்க் காவல் நிலையத்தையும், பின்னர்ச் சென்னையிலுள்ள சிலை கடத்தல் தடுப்புப் பிரிவையும் சாரும். ஆதலின், 1983-ல் நிறுவப்பெற்ற அப்பிரிவில் யாவர் பணி செய்கின்றனர், அவரை யாவர் மேற்பார்க்கின்றனர் என்னும் வினா அரசாங்க அலுவலகத்துள் அடங்குவதன்று. வழிபடுவோர் யாவரும் வினவற்பாலதேயாம்.

ஈண்டுச் சிலர், ‘களவு யாதாயினும் களவே, அதனை ஆராயக் காவலர் எவராயினும் அமையும்’ என்பர். அது பொருந்தாது, என்னை? கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் திருவுருவை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் விலைக்குக் கொண்டது. அது 2014-ல் மீண்டது. மீட்சிக்குத் துணை நின்றது புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எடுத்துவைத்த புகைப்படம். ஒப்புநோக்கிக் காட்டியோர் கலையறிந்த ஆர்வலர். படிமத்தின் அமைதியும் பீடத்து எழுத்தும் அறியாதார்க்கு மூலமும் போலியும் ஒன்றாகவே தோன்றும். அறிவுடையாரை அப்பிரிவின் உள்ளேயே வைத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

‘அற்றேல், வல்லார் ஒருவரைத் தலைவராக்கின் அமையும்’ என்பாரும் உளர். அதுவும் நிரம்பாது. பொன். மாணிக்கவேல் இரயில்வே காவற்பணிக்கு மாற்றப்பட்ட பின்னரும் சிலை வழக்குகளை அவரே நடத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் ஆணையிட்டது. 2018 ஆகஸ்டில் அவ்வழக்குகளை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்ற அரசு பிறப்பித்த ஆணையை அந்நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் நீக்கி, ஓய்வுபெற்ற அவரையே ஓராண்டுக்குச் சிறப்பு அதிகாரியாக்கியது. அக்காலம் முடிந்த 2019-ல், கோப்புகளை ஒப்படைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஒருவர் வருதலும் போதலுமே வழக்காயின், உண்மை வழக்கு எந்நாள் நடைபெறும்? வழக்கின் ஆயுளோ நெடிது: சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியிற் பிடிபட்டு, 2012-ல் இந்தியாவுக்குக் கொணரப்பட்டு, 2022-லேதான் கும்பகோணம் நீதிமன்றத்தாற் பத்தாண்டுத் தண்டனை பெற்றான். அத்தனை ஆண்டு தாங்குவது ஒருவர் திறமையன்று, நிலைத்த அமைப்பேயாம்.

‘மேலதிகாரிகளின் பார்வையே போதும், புறத்தார் தலையீடு நிருவாகத்தைக் கெடுக்கும்’ என்பது மூன்றாவது கூற்று. அப்பிரிவிற் பணியாற்றிய அதிகாரி ஒருவரே சிலைகளை விற்றாரென்னும் குற்றச்சாட்டில் 2018-ல் கைதுசெய்யப்பட்டார். 41 சிலைத் திருட்டு வழக்குகளின் கோப்புகள் காணப்படவில்லை என்னும் முறையீடும் பின்னர் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. குற்றம் மெய்யா பொய்யா என்பது நீதிமன்றம் துணிதற்குரியது. ஆயினும், வேலியின்மேலேயே ஐயம் எழுந்தவழி அதனை வேலியே ஆராய்தல் முறையாமோ? நேர்மையுடைய காவலரையும் பழியினின்று காப்பது புறத்தார் மேற்பார்வையே என்க.

ஆகவே செய்யத்தக்கன இவை: புலனாய்வோர்க்குக் குறித்த பணிக்காலம் வேண்டும், காரணம் எழுதாது இடைநடுவே மாற்றலாகாது. கல்வெட்டும் சிற்பமும் கற்றோர் நிலையாகப் பணியமர்த்தப்பெறல் வேண்டும். கோப்பின் படியொன்று நீதிமன்றத்தில் இருத்தல் வேண்டும். காவல் துறைக்கும் அறநிலையத் துறைக்கும் கட்டுப்படாத, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு, ஆண்டுதோறும் வழக்குகளின் நிலையைச் சட்டமன்றத்தின்முன் வைத்தல் வேண்டும்.

கீரப்பாளையத்து அயலூரான் ஒருவன் தன் கோயில் திருமேனியைப் பற்றி வினவின், ‘அந்த அதிகாரி மாறிப்போயினார்’ என்பது விடையாகாது. அவன் வினவுவது அதிகாரியையன்று, இறைவனை.