ஊசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வருமா?

வாடிப்பட்டி, பெரியாறு கால்வாய் பாயும் ஊர். நெல் உண்டு, வைக்கோல் உண்டு, ஆகவே மாடும் உண்டு. அலங்காநல்லூரும் பாலமேடும் இதே வட்டத்தில்தான் இருக்கின்றன. காளையைப் பெற்ற பிள்ளை போல வளர்ப்பவர்கள் இங்கே ஏராளம்.

மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "போன தடவை கோமாரி ஊசி போட்டேன். அப்புறமும் வாயிலும் குளம்பிலும் புண் வந்துவிட்டதே! மறுபடி எதற்கு ஊசி?"

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லாமல் ஊசியை மட்டும் நீட்டுவது சரியல்ல.

வெக்கை ஒழிந்தது எப்படி?

முன்பு வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதன் வைரஸ் எங்கும் ஒரே வகை. ஆகவே ஒரே தடுப்பு மருந்து எல்லா நாட்டிலும் பலித்தது. 1995-க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் இல்லை. 2011-ல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

கோமாரி அப்படி அல்ல. அதில் ஏழு வகை உண்டு. இந்தியாவில் பரவுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. ஒரு வகைக்குப் போட்ட மருந்து இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள்.

ஒரே வகைக்குள்ளும் மாற்றம் உண்டு. வைரஸ் தன்னைப் போலவே பிரதி எடுத்துப் பெருகுகிறது. எடுக்கும்போது பிசகு நேருகிறது. மேலுறையில் பிசகு விழுந்தால், ஊசி கற்றுக்கொடுத்த அடையாளம் பொருந்தாமல் போகலாம். திருடன் மீசையை மட்டும் எடுத்தால் ஊரார் பிடித்துவிடுவார்கள். முகமே மாறிவிட்டால்? ஓ வகைக்கு, 1975-ல் கிடைத்த வைரஸை வைத்தே நெடுங்காலம் மருந்து செய்ய முடிந்தது. ஏ வகைக்குப் பழையது போதவில்லை; 2000-ல் கிடைத்த வைரஸுக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆறு மாதக் கணக்கு

ஆனால் எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போடக்கூடாது. இந்த ஊசியின் பலமே சுமார் ஆறு மாதம்தான். பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். கன்றுக்கு நாலு மாதத்தில் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து மறு ஊசி. மறு ஊசியை விட்டால் முதல் ஊசி அரைகுறைதான். ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து வெயிலில் கிடந்தாலும் கெட்டுவிடும். அதைக் கவனிப்பது இலாகாவின் பொறுப்பு. மாட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையலாம். கோமாரி வந்தால் எத்தனை நாள் குறையும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஊசி போட்ட மாட்டுக்கு நோய் வந்தால் மறைக்க வேண்டாம்; சந்தைக்கும் ஓட்ட வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்குக் கொப்புளத்தின் தோலைக் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம். இருக்கிற மருந்து ஓடுகிற வைரஸுக்குப் பொருந்துகிறதா என்று புவனேசுவரத்தில் உள்ள கோமாரி ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கிறார்கள். அதில் தெரிந்த முடிவை மாட்டுக்காரருக்கும் இலாகா சொல்லி அனுப்ப வேண்டும்.