திரை யார் வசம்?

லிண்டன் லேப் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு திறந்துவைத்த ‘செகண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகில் கட்டடம் எழுப்புவோர் உண்டு. கடை நடத்துவோர் உண்டு. உரையாட மட்டுமே வருவோரும் உண்டு. இவர்கள் அனைவர்க்கும் ஒரே திரையமைப்புப் போதுமா? போதாது என்பதே நம் துணிபு.

அவ்வுலகைக் காணும் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு 2010-இல் வந்தது. திரையின் வலப்புறத்தில் பக்கப்பட்டை ஒன்றை அது நிறுத்திற்று. புதியவர்க்கு எளிமை என்பது நோக்கம். பழகியவர் பலர்க்கோ காட்சியை ஒடுக்கும் சுவராயிற்று. மூலநிரல் 2007-லேயே வெளியிடப்பட்டிருந்தமையால், அவர்கள் பிறர் ஆக்கிய மென்பொருள்களை நாடினர். நல்லவேளை, அவ்வாயில் திறந்திருந்தது!

2011-இல் நிறுவனமே பட்டையை நீக்கி, பொத்தான்களை இடம், வலம், கீழ் என விரும்பிய விளிம்பில் பயனரே அமைத்துக்கொள்ள வழிசெய்தது. இதனை வரவேற்கிறோம். ஆயினும் பொத்தான் நகரும் என்பதையே அறியாத புதியவர்க்கு, முதற்காட்சியைச் செம்மையாக வகுக்கும் கடன் வடிவமைப்பாளருடையதே.