உள்ளே ஒளிந்திருப்பவரும் வெளியே துரத்தினவரும்



தெரபி பற்றி எங்கட வட்டங்களில் இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று: "இதெல்லாம் காசுள்ள ஆக்களின்ர பொழுதுபோக்கு. போராட்டம் கிடக்கு, அதுக்குள்ள மனசைத் தோண்டிக்கொண்டிருக்க ஏலாது." மற்றது: "முதலில் உன்னைக் குணப்படுத்து, பிறகு உலகத்தை மாற்றலாம்." முதலாவதை மூத்த தோழர்கள் சொல்லுவினம். இரண்டாவதை இன்ஸ்டாகிராம் சொல்லும். ஒன்றுக்கொன்று எதிர் போலத் தெரிந்தாலும் இரண்டும் தவிர்ப்பது ஒரே கேள்வியைத்தான்: காயப்படுத்தினது ஆர்?

இந்தக் கேள்வியை, எங்கட வயதுக்காரர் பலர் இப்போது தேடிப்போகும் ஒரு தெரபி முறையை வைத்தே கேட்போம். இன்டர்னல் ஃபாமிலி சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஐ.எஃப்.எஸ். 1980களில் சிகாகோவில் குடும்ப தெரபிஸ்ட்டாக இருந்த ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் உருவாக்கியது. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வலிந்து வாந்தியெடுக்கும் நோயோடு வந்த இளையவர்கள், தங்களுக்குள் ஒரு பகுதி ஒன்றைச் சொல்லுது, இன்னொரு பகுதி வேறொன்றைச் சொல்லுது என்று விவரித்ததை அவர் காது கொடுத்துக் கேட்டார். எங்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. "ஒரு மனம் போ எண்டுது, ஒரு மனம் வேண்டாம் எண்டுது" என்று அம்மம்மாமார் சொல்லாத வீடு எது?

அந்தப் பகுதிகளை இம்முறை மூன்றாகப் பிரிக்கிறது. வலியையும் அவமானத்தையும் சுமப்பதால் உள்ளே ஒதுக்கி வைக்கப்பட்டவை 'நாடுகடத்தப்பட்டவர்கள்'. அந்த வலி மேலே வராமல் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவை 'மனேஜர்கள்'. மீறி வந்தால் எப்படியாவது அணைக்க ஓடிவருபவை 'தீயணைப்பாளர்கள்'. இரவு இரண்டு மணிக்கும் குழுவின் மெசேஜுக்குப் பதில் போடும் தோழரை நினைத்துப் பாருங்கோ. அது மனேஜர். கூட்டம் முடிந்து வீடு போய்த் தனியே குடிப்பது தீயணைப்பாளர். இரண்டுக்கும் பின்னால், 2009 மேயில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒருவரும் ஒன்றும் விளங்கப்படுத்தாமல் விட்ட ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கலாம்.

இவை எதையும் நோய் என்று சொல்லித் துரத்தாதே, ஒவ்வொன்றிடமும் "எதுக்குப் பயப்படுறாய்?" என்று இரக்கத்தோடு கேள் என்பதுதான் இம்முறையின் மையம். கெட்ட பகுதி என்று ஒன்று இல்லை என்கிறார் ஷ்வார்ட்ஸ். இதை நான் ஏளனம் செய்யமாட்டேன். கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் எந்த முறையும் இடதுசாரிகளுக்கு அந்நியம் அல்ல.

ஆனால் 'நாடுகடத்தப்பட்டவர்கள்' என்ற சொல்லை எங்கட ஆக்கள் வெறும் உவமையாகக் கேட்க ஏலாது. 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது, அரசு அவர்களை வரவேற்றது சிறைக்கூடங்களில். பலர் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களின் பயம், உள்ளே இருக்கும் ஒரு பகுதியின் தப்பெண்ணம் அல்ல. வெளியே கதவைப் பூட்டினவர் ஒருவர் இருந்தார்.

பிரித்தானியாவில் இன்னும் மோசம். இலங்கையில் தடுத்துவைக்கப்பட்டுப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுடப்பட்டதாகச் சொன்ன ஒரு தமிழரின் முதுகிலும் கையிலும் நீண்ட தழும்புகள் இருந்தன. தஞ்சம் கிடைப்பதற்காக அவரே ஆள்வைத்துச் சுட்டுக்கொண்டிருப்பார் என்று தீர்ப்பாயம் சொன்னது. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவைத்தது. அப்படித் தன்னைத்தானே காயப்படுத்துவிப்பது மிக அரிது என்பதற்குத் தகுந்த எடை கொடுக்கவேண்டும் என்றது.

தஞ்ச விசாரணை என்ன கேட்கிறது? ஒரே ஆள், ஒரே கதை, ஒரே திகதி. முதல் நேர்காணலில் சொல்லாததை இரண்டாவதில் சொன்னால் 'நம்பகத்தன்மை இல்லை'. சித்திரவதைக்குப் பிறகு மனிதர் அப்படி ஒரே துண்டாக இருப்பதில்லை. ஒரு பகுதி மறக்கும், ஒரு பகுதி வெட்கப்படும், ஒரு பகுதி சிரித்துக்கொண்டே சொல்லும். தெரபி அறையில் "உன்னுடைய எல்லாப் பகுதிகளுக்கும் இடம் உண்டு" என்கிறார்கள். உள்துறை அலுவலக மேசையில் அதே பகுதிகள் பொய்க்குச் சாட்சி ஆகின்றன. அந்த மேசையை விட்டுவிட்டு அறையை மட்டும் பேசும் குணப்படுத்தல், பாதி வேலைதான்.

அந்தப் பாதியும் எவருக்குக் கிடைக்கிறது? ஒன்ராறியோவில் டொக்டர் கொடுக்கும் உளச்சிகிச்சைக்கு ஓஹிப் காசு கட்டும், தனியார் தெரபிஸ்ட்டுக்குக் கட்டாது. மணித்தியாலத்துக்கு 150 டொலருக்கு மேல் போவது சாதாரணம். ஐ.எஃப்.எஸ். முதல் நிலைப் பயிற்சிக்கே ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். ஆதாரமோ இன்னும் மெல்லியது. அடிக்கடி காட்டப்படும் 2013ஆம் ஆண்டு ஆய்வு, மூட்டுவாதம் உள்ள 79 பேரில் செய்தது. பலன் தெரிந்தது உண்மை. அதை வைத்து எல்லாக் காயத்துக்கும் மருந்து என்று விற்பது வியாபாரம். ஷ்வார்ட்ஸும் அவர் வழிவந்தவர்களும் குடும்பமும் சமூகமும் இறக்கி வைக்கும் பரம்பரைச் சுமைகள் பற்றிப் பேசுகிறார்கள்தான். ஆனால் சுமை ஏற்றினவரைத் தட்டிக்கேட்க ஒரு தெரபி மணித்தியாலம் போதாது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே உடைகின்றன என்று எழுதிவந்தவர். உடைந்தது ஊர் என்றால், ஒட்டுவதும் தனித்தனியாக நடக்காது.

இப்போது கசப்பான பகுதி. துரத்தினது அரசு மட்டும் அல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து ஊரைவிட்டு வெளியேற்றினது விடுதலைப் புலிகள். சோமசுந்தரத்தோடு சேர்ந்து 'முறிந்த பனை' எழுதிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். அண்ணனை ஆமி கொன்ற வீட்டுக்கு எங்கட மேடைகளில் விளக்கேற்ற ஒரு நாள் உண்டு. அண்ணனை இயக்கம் கொன்ற வீட்டுக்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்கத்தான் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடுதான் ஊர்வலம் வருகிறார்கள். ஒரு சமூகமும் தன் பகுதிகளை நாடுகடத்தும். 'துரோகி' என்பதுதான் அதற்கு நாங்கள் வைத்த முத்திரை.

"துரோகி எண்டு கத்தினவனும் பயத்தில்தானே கத்தினவன், அவனிலும் இரக்கம் வேண்டாமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். வேண்டும். ஆனால் இரக்கம் வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு. துவக்கு வைத்திருந்தவர் எவரும் "அது என்னைப் பாதுகாத்த ஒரு பகுதி" என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து கழன்றுபோக விடக்கூடாது, ஆமியோ இயக்கமோ. பயத்தை விளங்கிக்கொள்வது, அடுத்த தடவை அதே பயம் துவக்கைத் தூக்காமல் தடுப்பதற்கு.

செய்யவேண்டியது என்ன?

ஒன்று, எங்கட குழுக்களின் வரவுசெலவில் தெரபிக்கு ஒரு வரி இருக்கட்டும். பதாகைக்குக் காசு சேர்க்கிறம், தோழர் ஒருவரின் பத்து அமர்வுக்கும் சேர்க்கலாம். தமிழிலேயே உளவளத்துணை பொதுச் சுகாதாரத்தில் கிடைக்கவேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் போடுவோம்.

இரண்டு, கூட்டத்தைத் தெரபி ஆக்காதேங்கோ. பயிற்சி இல்லாத வட்டத்தில் ஒருவரின் பழைய வலியைத் திறக்கச்சொல்வது இரக்கம் இல்லை. தற்கொலை எண்ணம் உள்ளவருக்குத் தேவை உடனடி மருத்துவ உதவி, எங்கட கலந்துரையாடல் அல்ல. எங்களால் ஏலுமானது சின்ன விஷயம்: "நான் இதை எதிர்க்கிறன்" என்பதற்குப் பதிலாக "எனக்குள்ள ஒரு பகுதி இதுக்குப் பயப்படுது" என்று சொல்ல ஒருவருக்கு இடம் விடுவது. எத்தனையோ குழுக்கள் உடைந்தது கொள்கையில் அல்ல, அந்த வசனம் சொல்லப்படாததில்.

மூன்று, தஞ்ச வழக்குகளுக்குப் போங்கோ. லண்டனில் சித்திரவதைக்குத் தப்பியவர்களுக்கு மருத்துவச் சாட்சி அறிக்கை எழுதும் 'ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்' போன்ற அமைப்புகளுக்கு மொழிபெயர்க்க, கூடப்போய் இருக்க, காசு சேர்க்க ஆட்கள் வேண்டும்.

நான்கு, அடுத்த நினைவேந்தலில் பெயர்ப் பட்டியலைப் பெரிசாக்குவோம். ஆர் கொன்றது என்று பார்த்து அழுகையைப் பங்கிடாதேங்கோ. வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளையும் கூப்பிட்டு, அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்போம்.

தெரபிக்குப் போகும் தோழர் போராட்டத்தை விட்டு ஓடுகிறவர் அல்ல. போக வசதி இல்லாத தோழர் பின்தங்கினவரும் அல்ல. உள்ளே ஒளிந்திருக்கும் பிள்ளையை வெளியே வரச்சொல்லுவோம். அதற்கு முதல், வெளியே வந்தால் நிற்க ஒரு இடம் இருக்கவேண்டும். அந்த இடத்தைச் செய்வது எங்கட வேலை.