ஐயத்தின் பலன் யாருக்கு?

1953ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அமெரிக்க வணிகத் துறை அமைச்சர் சின்கிளேர் வீக்ஸ், தம் துறைக்கு உட்பட்ட தேசியத் தரநிலைப் பணியகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகுமாறு பணித்தார். ஆஸ்டின் கையூட்டுப் பெற்றவர் அல்லர். கடமையில் வழுவியவரும் அல்லர். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலிருந்து ஜெஸ் ரிச்சி என்பவர் விற்றுவந்த ஒரு தூளால் பயனேதும் இல்லை என்று பணியகத்தின் ஆய்வகம் அறிவித்திருந்தது. அதுவே குற்றமாயிற்று.

ஏடி-எக்ஸ்2 என்பது அத்தூளின் பெயர். சோடியம், மக்னீசியம் ஆகியவற்றின் சல்ஃபேட் உப்புகளே அதில் பெரும்பகுதி. மோட்டார் வாகன பேட்டரியில் இட்டால் சோர்ந்த பேட்டரி புத்துயிர் பெறும், அதன் ஆயுள் நீளும் என்பது விற்றவரின் வாக்கு. பயன்படுத்தி மகிழ்ந்தோர் எழுதிய நற்சான்று மடல்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. வாங்கியவர்கள் மனநிறைவோடு மீண்டும் வாங்கும்போது, சந்தையின் தீர்ப்பை ஆய்வகம் பொருட்படுத்தாதது முறையன்று என்பது அமைச்சர் தரப்பின் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் வாதம்தான். ஆயினும் பேட்டரியின் உள்ளே நடப்பதை அறிந்தோர் இதற்கு மயங்கார். தகடுகளில் சல்ஃபேட் படிந்து சோர்ந்த பேட்டரியை நெடுநேரம் மெல்ல மின்னேற்றினாலே அது ஓரளவு தேறிவிடும். தூளை இட்டவர் மின்னேற்றமும் செய்கிறார், நீரும் நிரப்புகிறார், முனைகளையும் துடைக்கிறார். பிழைத்த பேட்டரியின் உடைமையாளர் நன்றி மடல் எழுதுகிறார். பிழைக்காத பேட்டரி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. அதற்காக எவரும் மடல் எழுதுவதில்லை. இவ்விரு பேட்டரிகளையும் ஒரே தட்டில் வைத்து எண்ணாதவரை, ஆயிரம் மடல்களும் சான்றாகா.

ஆய்வகத்தின் வழி வேறு. ஒத்த பேட்டரிகளைத் தேர்ந்து, சிலவற்றில் தூளை இட்டு, சிலவற்றை அப்படியே விட்டு, எது எதுவென்று அளப்பவர் அறியாதபடி அளப்பது. அளக்கத் தொடங்குமுன் ஓர் அனுமானத்தை முன்வைப்பது: இத்தூளால் எவ்வித மாற்றமும் இல்லை. இதனைப் புள்ளியியலார் இன்மைக் கருதுகோள் என்பர். இரு கூட்டங்களுக்கும் இடையே காணும் வேறுபாடு, தற்செயலால் விளைந்தது என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டுமே இந்த அனுமானம் கைவிடப்படும். ஏடி-எக்ஸ்2 அந்த அளவை எட்டவில்லை.

ஆஸ்டின் நீக்கத்தை எதிர்த்து அறிவியலார் கொதித்தெழுந்தனர். பணியகத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் தாமும் விலகுவதாக எச்சரித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஆஸ்டின் பதவியில் நிலைபெற்றார். 1969 வரை இயக்குநராக இருந்தார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவும் அந்தத் தூளுக்குத் தகுதியில்லை என்றே 1953 இறுதிக்குள் உரைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இதை எழுத நேர்ந்திராது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1956இல், ரிச்சியின் விளம்பரங்கள் பொய்யானவை என்று கூட்டாட்சி வணிக ஆணையத்தில் தொடரப்பட்ட வழக்கு தள்ளுபடியாயிற்று. தூள் மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. மாறியது மெய்ப்பிக்கும் பொறுப்பு. ஆய்வகத்தில் “பயனுண்டு” என்பதை மெய்ப்பிக்கும் சுமை தூளின் மேல் இருந்தது. ஆணையத்திலோ “பயனில்லை” என்பதை மெய்ப்பிக்கும் சுமை அரசின் மேல் விழுந்தது. சான்றுகள் இருபுறமும் இழுத்தன. ஐயத்தின் பலன் விற்றவருக்குப் போயிற்று.

கருதுகோள் சோதனையைக் கணக்கு வித்தை என்று எண்ணுவோர் காணத் தவறுவது இதைத்தான். எந்த அனுமானத்திலிருந்து தொடங்குவது என்பதைக் கணிதம் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வோர் சட்டம் இயற்றுவோரும் ஆட்சி நடத்துவோரும். கணிதம் அதன்பின் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவே.

நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். 500 கிராம் என்று அச்சிட்ட பருப்புப் பொட்டலங்களை ஓர் ஆலை நிரப்புகிறது. உண்மையில் சராசரியாக 497 கிராமே விழுகிறது என்றும், பொட்டலத்துக்குப் பொட்டலம் உள்ள ஏற்ற இறக்கம் திட்டவிலக்கக் கணக்கில் 6 கிராம் என்றும் கொள்வோம். இங்கே தொடக்க அனுமானம் ஆலைக்கு ஆதரவானது: அச்சிட்ட எடை மெய். அதைப் பொய்யென்று காட்டவேண்டியவர் எடையளவுகளைச் சோதிக்கும் முத்திரை ஆய்வாளர். அவர் 10 பொட்டலங்களை எடுத்து நிறுத்து, அதே சராசரியும் அதே ஏற்ற இறக்கமும் கண்டால், அந்தக் குறைவைச் சராசரியின் தற்செயல் தடுமாற்றத்தால் வகுத்து வரும் விகிதம் 1.58. குற்றமற்ற ஆலையைத் தவறாகப் பழிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பில் ஆலையைக் குற்றஞ்சாட்ட 1.83 வேண்டும். ஆலை தப்பிவிடும். அதே ஆய்வாளர் 50 பொட்டலங்களை நிறுத்து அதே அளவுகளைக் கண்டால் விகிதம் 3.54. இருநூற்றில் ஒன்று என்ற கடுமையான வரம்புக்கு வேண்டிய 2.68ஐயும் அது தாண்டிவிடும். குறைவு ஒன்றே, மூன்று கிராம். இலட்சம் பொட்டலத்துக்கு 300 கிலோ பருப்பு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாவது, அத்தனை அரிசியும் ஒரே நீரில் ஒரே தீயில் வெந்ததால். நிரப்பும் எந்திரம் அப்படி வேகவைப்பதில்லை. ஆதலால்தான் சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பின் 87ஆம் பரிந்துரை, 100 முதல் 500 வரை பொட்டலங்கள் கொண்ட தொகுதிக்கு 50, அதற்கு மேல் 3200 வரை 80, அதனினும் மிகுந்தால் 125 என்று சோதனைக்கு எடுக்கவேண்டிய பொட்டலங்களின், அதாவது கூறுகளின், எண்ணிக்கையை வரையறுத்திருக்கிறது.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. 500 கிராம் பொட்டலம் ஒவ்வொன்றிலும் 3 விழுக்காடு, அதாவது 15 கிராம் வரை குறைவு பொறுக்கப்படும். எந்திரத்தின் இயல்பான தடுமாற்றத்துக்குத் தரும் சலுகை அது, தவறில்லை. ஆனால் எல்லாப் பொட்டலத்தையும் 490க்கே நிரப்பும் நோக்குடன் எந்திரத்தை முடுக்கிவைப்பவரையும் தனித்தனிப் பொட்டலச் சோதனை பெரும்பாலும் விட்டுவிடும். அவரைப் பிடிப்பது சராசரியை நோக்கும் சோதனை ஒன்றே. கடைக்குள் நுழைந்து நாலைந்து பொட்டலங்களைத் தராசில் வைத்துவிட்டு “முரண்பாடு இல்லை” என்று குறிப்பேட்டில் எழுதினால், ஆலை தவறு செய்யவில்லை என்பது அதன் பொருளன்று. தவறு இருந்தாலும் காணமுடியாத அளவுக்குச் சிறிய சோதனை நடந்தது என்பதே பொருள். ஆலையோ அதை நற்சான்றாகச் சட்டமிட்டு மாட்டிக்கொள்கிறது.

மேலே பருப்புக்குக் கண்ட விகிதத்தைப் போல, சிறு கூறுகளைக் கொண்டு நேர்மையாக முடிவு காணும் முறையை 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் காசெட், டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பகத்தின் ஊழியர். ஆய்வகம் அமைச்சருக்கு அஞ்சவேண்டியிருந்த நாளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, ஓர் உற்பத்தியாளரின் கூரையின் கீழ்தான் இக்கருவி பிறந்தது.

எடை குறித்த வழக்கில் ஐயத்தின் பலனை ஆலைக்கு அளிப்பது பொறுக்கத்தக்கது. பொட்டலங்களைப் போதிய எண்ணிக்கையில் நிறுத்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். கிருமியை அழிக்கும், முடியை வளர்க்கும், குழந்தையை உயரமாக்கும் என்னும் விளம்பரங்களுக்கு அச்சலுகை தகாது. அவை ஏடி-எக்ஸ்2இன் இனம். தவறான விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த ஆணையம் “ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது” என்ற வரியைக் கண்டதும் ஆய்வறிக்கையை மட்டும் கேட்டு நிறைவடையலாகாது. நூற்றுக்கு ஐந்து என்ற வரம்பில் பயனற்ற பொருளை இருபது முறை தனித்தனியே சோதித்தால், ஒருமுறையேனும் தற்செயலாக வெற்றி கிட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 64. அந்த ஒன்றை அச்சிட்டுப் பத்தொன்பதை அலமாரியில் பூட்டிவைப்பது எளிது.

எத்தனை முறை சோதித்தீர்கள், எத்தனை பேரிடம், எந்த வரம்பை எந்த நாளில் எழுதிவைத்தீர்கள், அது சோதனைக்கு முந்திய நாளா பிந்திய நாளா? அந்தப் பத்தொன்பது அறிக்கைகளையும் மேசையில் வைக்குமாறு ஆணையம் கேட்கவேண்டும். முத்திரை ஆய்வாளர்களை அனுப்பும் நம் தொழிலாளர் துறையும், வசூலித்த அபராதத்தை அறிவிக்கும் அதே செய்திக் குறிப்பில், ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பொட்டலம் நிறுக்கப்பட்டது என்பதைச் சேர்த்து வெளியிடட்டும்.