சட்டத்தின் செலவு யார் தலையில்?

“அரசாங்கம் சட்டம் போட்டுக்கிட்டே போனா தோட்டம் தாங்குமாங்க?” பிரிக்பீல்ட்ஸ் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். சட்டத்துக்குச் செலவு உண்டு, மறைப்பானேன்?

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. கூடுதல் 200 வெள்ளி. அறுபது வயதாகாத நம் நாட்டுத் தொழிலாளியானால், முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதி இன்னொரு 26 வெள்ளி. ஆளுக்கு மாதம் 226. சொக்சோ தனி.

செம்பனை எண்ணெய்க்கு உலகச் சந்தைதான் விலை வைக்கிறது; தோட்டம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஆகவே அந்த 226 வெள்ளி இலாபத்திலிருந்து வரவேண்டும், இல்லையேல் நம் முதுகிலிருந்து. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் சம்பளம் ஏறிய கையோடு ஒரு நாளைக்கு வெட்டவேண்டிய குலைக் கணக்கையும் ஏற்றிவிட்டார்கள். கொடுத்த காசை வியர்வையாகத் திருப்பி வாங்கும் வித்தை!

2013க்கு முன்பு இந்தச் சட்டமே இல்லை. அப்போது செலவு இல்லையா? ரப்பர் விலை இறங்கினால் நம் பானையில் அரிசி குறைந்தது. அதை எந்தக் கிராணியும் செலவென்று எழுதவில்லை.

குலைக்கோ டன்னுக்கோ கூலி வாங்கினாலும் மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது. சம்பளச் சீட்டைப் பாருங்க. குறைஞ்சிருந்தா சீட்டோடு சங்கத்துக்கு வாங்க.